புதிய "பழைய" பேஸ் கிட்டாருக்கு அட்வான்ஸ் கட்டலாமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கிட்டாருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் இளைஞர்களில் இசைப் பழக்கம் உள்ளவர்கள் முதல் மாதத்திலேயே ஆடாசிட்டி போன்ற இலவச ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்கிறார்கள். அடுத்து ஒரு கேபிள் வாங்குகிறார்கள். அதற்கடுத்து, கையில் இருக்கும் வாத்தியம் போதாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. என் சித்தி மகன் கதை அப்படித்தான் ஆனது.

தம்பி ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். ரிசப்ஷன், கோயில் திருவிழா, சர்ச் ஆண்டு விழா என்று சீசனில் மாதம் ஏழெட்டு கச்சேரி கிடைக்கும். அந்தப் பணத்தைச் சேர்த்துத்தான் கம்ப்யூட்டர் வாங்கினான். பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்து கொடுத்தவன் நான். அது ஓடத் தொடங்கிய வாரமே அடுத்த ஆசை வந்துவிட்டது. 1960-களில் வந்த ஒரு மாடலை அதே வடிவம், அதே பெயிண்ட், அதே பிக்கப்புடன் மறுபடியும் தயாரித்து வெளியிடுவதாக ஒரு நிறுவனம் அறிவித்திருந்தது. இத்தகைய மறுவெளியீடுகளை ரீஇஷ்யூ என்பார்கள். விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

"அண்ணா, புக் பண்ணிடலாமா?" என்று கேட்டான்.

"இருக்கிற பேஸை வித்துட்டு அட்வான்ஸ் கட்டிடுடா. மூணு மாசத்துல வந்துடும்னு போட்டிருக்கானே" என்றேன்.

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் அந்த ஒரு பதில்தான். மூன்று மாதம் ஆறு மாதமானது. ஆறு பதினொன்று ஆனது. கையில் வாத்தியம் இல்லாத பேஸ் கிட்டாரிஸ்டைக் குழுவில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இரண்டு மாதம் யார் யாரிடமோ இரவல் வாங்கிச் சமாளித்தான். சீசன் தொடங்கியபோது அவன் இடத்தில் வேறொரு பையன் வாசித்துக்கொண்டிருந்தான். நிறுவனத்தின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம். தப்பு அவர்களுடையது மட்டுமல்ல, என்னுடையதும்தான். நமக்கு அன்று தெரியாத சில விஷயங்களைப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். அவற்றில் உங்களுக்குப் பயன்படுபவற்றைச் சொல்கிறேன்.

முதலில், இந்த ரீஇஷ்யூ வியாபாரம் எப்படி வந்தது என்று பார்ப்போம். எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃபுல்லர்டன் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்திருந்த லியோ ஃபெண்டர். பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. 1957-ல் அதன் பிக்கப் இரண்டாகப் பிளந்த வடிவத்துக்கு மாறியது. ஜாஸ் பேஸ் 1960-ல் வந்தது. 1965-ல் அவர் கம்பெனியைச் சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதன்பிறகு தரம் இறங்கியது என்பது வாசிப்பவர்கள் மத்தியில் பரவலான கருத்து. விளைவு, 1965-க்கு முந்தைய பழைய கிட்டார்களுக்கு மவுசு கூடியது. ஜப்பானியக் கம்பெனிகள் அந்தப் பழைய மாடல்களைப் பார்த்து அருமையான நகல்கள் செய்து விற்க ஆரம்பித்தன. அசல் கம்பெனிக்கே இது தலைவலி ஆனது. "நம் பழைய மாடலை நாமே ஏன் செய்யக்கூடாது?" என்று 1982-ல் 1957, 1962 ஆண்டு மாடல்களை மறுபடி வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜப்பானிலும் ஃபெண்டர் பெயரில் தயாரிப்பு தொடங்கியது. மாட்சுமோட்டோவில் உள்ள ஃபுஜிஜென் தொழிற்சாலைதான் செய்து கொடுத்தது.

இங்கேதான் நமக்கு வேண்டிய பாடம் வருகிறது. 1985-ல் சிபிஎஸ்ஸிடமிருந்து, பில் ஷுல்ட்ஸ் தலைமையில் கம்பெனி ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து ஃபெண்டரை வாங்கினார்கள். விலை 1 கோடியே 25 லட்சம் டாலர். ஆனால் அந்த விலையில் ஃபுல்லர்டன் தொழிற்சாலை சேரவில்லை. பெயர் இருக்கிறது, டிசைன் இருக்கிறது, வேலைக்காரர்களில் சிலர் இருக்கிறார்கள், கட்டடமும் மெஷின்களும் இல்லை! கொரோனா என்ற ஊரில் புது இடம் பிடித்து வேலை தொடங்கும் வரை அமெரிக்கத் தயாரிப்பு ஏறக்குறைய நின்றே போனது. (2020-ல் வந்த கொரோனா வேறு, இது கலிபோர்னியாவில் உள்ள ஊர். பின்னாளில் ஊர்க்காரர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.) அந்த இடைவெளியில் கடைகளுக்குப் போன ஃபெண்டர் கிட்டார்களில் பெரும்பகுதி ஜப்பானில் செய்தவை. அசலின் மறுபதிப்பு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு முன்பு போட்டியாளராக இருந்த நாட்டிலிருந்து சரக்கு போனது.

பெயரும் விளம்பரமும் தயாராக இருக்கின்றன என்பதால் தொழிற்சாலையும் தயாராக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாங்கள் இதைச் சாஃப்ட்வேர் துறையில் தினமும் பார்க்கிறோம். மார்க்கெட்டிங் ஆட்கள் வெளியீட்டுத் தேதியை அறிவித்த பிறகுதான் எங்களுக்கே அது தெரியும். எனவே தேதி தவறுவதை வைத்து யாரையும் ஏமாற்றுக்காரர் என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சாஃப்ட்வேருக்கு மரம் தேவையில்லை. கிட்டாருக்குத் தேவை.

மரத்தில் வரும் தாமதம் சுவாரஸ்யமானது, அதில் நம் மலைகளுக்கும் பங்கு உண்டு. கம்பிகளை அழுத்தி வாசிக்கும் பலகைக்குப் பெயர் ஃபிங்கர்போர்டு. அதற்கு அதிகம் பயன்படும் இந்திய ரோஸ்வுட் வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம். சில ஊர்களில் தோதகத்தி என்பார்கள். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் சோதனை நடத்தி, இந்தியாவிலிருந்து போன ரோஸ்வுட், கருங்காலிப் பலகைகளைக் கைப்பற்றினார்கள். இந்தியாவின் ஏற்றுமதிச் சட்டப்படி அந்தப் பலகைகள் அனுப்பத் தக்கவைதானா என்பது கேள்வி. 2012-ல் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் வந்த சில கிப்சன்களில் ரோஸ்வுட்டுக்குப் பதில் சூட்டில் பதப்படுத்திய மேப்பிள் இருந்தது. அடுத்து, 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் வகை மரங்கள் முழுவதும் சர்வதேச வனப்பொருள் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஒரு பேஸ் கிட்டார் நாடு விட்டு நாடு போக அனுமதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. மெக்சிகோவில் தயாராகும் ஃபெண்டர்களில் ரோஸ்வுட் போய் பாவ் ஃபெரோ என்ற தென் அமெரிக்க மரம் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் 26-ல்தான் விலக்கு கிடைத்தது.

2020-ல் ஃபெண்டர் இன்னொன்றை அறிவித்தது. வழக்கமான தயாரிப்புகளில் பெரும்பாலானவற்றில் ஆஷ் மரத்தை இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்றது. மிசிசிப்பி ஆற்று வெள்ளம் நீண்ட நாள் வடியாமல் மரம் வெட்டப் போக முடியவில்லை. இன்னொரு பக்கம் ஒரு பச்சை வண்டு ஆஷ் மரங்களைத் துளைத்து அழித்துக்கொண்டிருந்தது. 1950-களின் மாடலை அச்சு அசலாகச் செய்வேன் என்பவருக்கு அந்த மரம் கிடைக்காவிட்டால் என்ன செய்வார்? காத்திருப்பார், அல்லது வேறு மரம் போடுவார். இரண்டில் எது நடந்தாலும் அட்வான்ஸ் கட்டியவரை யாரும் கேட்கப்போவதில்லை.

இவை தவிர, வேண்டுமென்றே சிறியதாக இருக்கும் தொழிற்சாலைகளும் உண்டு. ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டார்கள் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் உள்ள ஒரே தொழிற்சாலையில் செய்யப்படுபவை. காத்திருப்புப் பட்டியலுக்குப் பேர்போன கம்பெனி. வேறு நாட்டில் கிளை திறந்து மலிவு மாடல் போடுவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். எனக்கு அதில் மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்கு என் தம்பியின் பிழைப்பை அடகு வைக்க முடியாது.

சரி, மாற்று வழி என்ன? இங்கேதான் பிக்கப் வருகிறது.

"பழைய சவுண்ட்" என்று எல்லோரும் சொல்வதில் பெரும்பங்கு பிக்கப்பினுடையது என்பது என் கருத்து. மரம் ஒன்றுமே செய்யாது என்று சொல்லவில்லை. ஆனால் மரத்தை மாற்ற முடியாது, பிக்கப்பை மாற்றலாம். கம்ப்யூட்டரில் மதர்போர்டை அப்படியே வைத்துக்கொண்டு ராம், எஸ்எஸ்டி மாற்றுகிறோமே, அதே கதை.

பிக்கப் வேலை செய்யும் விதம் எளிது. காந்தத் துண்டுகளைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். இரும்புக் கம்பி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. பள்ளியில் படித்த ஃபாரடே தத்துவம்தான். நம் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அவர் கட்டும் கம்பி தடிமன். இது தலைமுடி அளவு, சுமார் 0.06 மில்லிமீட்டர். பிரிசிஷன் பேஸ் பிக்கப்பின் ஒவ்வொரு பாதியிலும் இதைச் சுமார் 10,000 சுற்று சுற்றுகிறார்கள். காந்தம் பெரும்பாலும் ஆல்னிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் அது. சுற்று கூடினால் சத்தம் கூடும், ஆனால் உயர் ஒலிகள் மங்கும். எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம், எந்தக் காந்தம் என்பதில்தான் 1962 மாடலுக்கும் இன்றைய மாடலுக்கும் உள்ள வித்தியாசத்தில் நிறைய இருக்கிறது.

ஃபெண்டரில் அபிகெயில் இபாரா என்ற அம்மையார் 1956-ல் வேலைக்குச் சேர்ந்து 2013-ல் ஓய்வு பெற்றார். பல்லாண்டுகள் பிக்கப் காயில் சுற்றியவர். கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றுவதால் சுற்றுகள் ஒரே சீராக விழாது. அந்தச் சீரின்மையே ஒலிக்கு நல்லது என்பவர்கள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் அவர் கையால் சுற்றியது என்பதற்காகவே அந்தப் பிக்கப்புகளைத் தேடி வாங்கினார்கள். கம்பெனிக்கு ரகசிய ஃபார்முலா இருந்ததோ இல்லையோ, ஒரு பெண்மணியின் கை இருந்தது.

இப்படிப்பட்ட பழைய பிக்கப்புகளைப் பழுது பார்ப்பதிலிருந்தும் அளந்து பார்ப்பதிலிருந்தும் மாற்றுப் பிக்கப் தொழில் 1970-களில் வளர்ந்தது. டிமார்சியோ, செமூர் டங்கன், ஈஎம்ஜி, பார்ட்டோலினி போன்றவை பரவலாகத் தெரிந்த பெயர்கள். செமூர் டங்கன் எஸ்பிபி-1 பழைய பிரிசிஷன் ஒலியை நோக்கிச் செய்தது. அதே கம்பெனியின் எஸ்பிபி-3-ல் கால் அங்குலக் காந்தத் துண்டுகள், சத்தம் அதிகம், ஒலி முரட்டுத்தனம். பெயரில் ஒரே குடும்பம், குணத்தில் வேறு. ஈஎம்ஜி பெரும்பாலும் ஆக்டிவ் வகை, 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கச்சேரி நடுவில் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்குமுன் அளவைப் பாருங்கள். பிரிசிஷன் பிக்கப் வடிவம் பெரும்பாலும் எல்லாக் கம்பெனிகளிலும் ஒன்றே, அப்படியே பொருந்தும். ஜாஸ் பேஸில் பாலத்துப் பக்கம் இருக்கும் பிக்கப் கழுத்துப் பக்கத்ததைவிடச் சற்று நீளமாக இருக்கலாம். இரண்டும் ஒரே அளவுள்ள மலிவு மாடல்களும் உண்டு. ஸ்கேல் வைத்து அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள். கிப்சன் தண்டர்பேர்டு போன்றவற்றில் பழைய மாடல் பிக்கப்பும் பிற்காலக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிப் பிக்கப்பும் வேறு வேறு. மரத்தை உளி வைத்துக் குடைய வேண்டியதாகிவிட்டால் அந்தக் கிட்டாரின் மறுவிற்பனை மதிப்பும் சேர்ந்து குடைபடும்.

சில சமயம் பிக்கப்பே மாற்ற வேண்டியதில்லை. பழைய ரிக்கன்பேக்கர் 4001-ல் பாலத்துப் பக்கப் பிக்கப்புடன் 0.0047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று தொடரில் இருந்தது. அடி ஒலிகளை வெட்டி, அந்த மெட்டாலிக் ஒலியைத் தந்தது அதுதான். பிற்கால 4003-களில் ஒரு குமிழை இழுத்தால் அதே கெப்பாசிட்டர் இணைப்புக்கு வருகிறது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பாகம்!

தம்பிக்கு இரவலாகக் கிடைத்தது ஒரு மலிவு ஜாஸ் வகை பேஸ். அதைக் கம்ப்யூட்டரில் செருகியபோது 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். "பிக்கப் குப்பைண்ணா" என்றான். நானும் நம்பினேன். பிறகு கையில் கிட்டாருடன் அறையில் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். இன்வெர்ட்டர் இருக்கும் மூலையைப் பார்த்து நின்றால் இரைச்சல் கூடியது, ஜன்னல் பக்கம் திரும்பினால் குறைந்தது. ஒற்றைச் சுருள் பிக்கப் காந்தப்புலம் எதையும் விடாது, கம்பியின் அதிர்வானாலும் டிரான்ஸ்ஃபார்மரானாலும் ஒன்றுதான். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவையாக இருந்தால், இரண்டு வால்யூமையும் முழுதாக வைக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பிரிசிஷனின் பிளந்த பிக்கப்பிலும் இதே தந்திரம். ஆகவே பிரிசிஷனில் இரைச்சல் வந்தால் பிக்கப்பைச் சந்தேகிக்குமுன் எர்த்தைச் சந்தேகியுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி சார்ஜர்.

இதில் நம் நாட்டுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். அதில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது நம் மின்வாரிய இரைச்சல் கிட்டத்தட்ட ஒரு சுரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சாஃப்ட்வேரில் 50 ஹெர்ட்ஸை வெட்டினால் அந்தச் சுரத்தின் அடியும் போய்விடும். எனவே இதைப் பதிவுக்குப் பின் சரிசெய்யலாம் என்று விடாதீர்கள். செருகும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

செருகும் இடம் என்றதும் இன்னொரு தவறு நினைவுக்கு வருகிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கிட்டாரை நேராக மைக் சாக்கெட்டிலோ லைன்-இன் சாக்கெட்டிலோ செருகுகிறார்கள். சாதாரண பிக்கப்புக்கு எதிரே சுமார் 1 மெகா ஓம் இம்பீடன்ஸ் இருக்க வேண்டும். லைன்-இன்னில் பத்து, இருபது கிலோ ஓம்தான் இருக்கும். பிக்கப்பின் தெம்பை அது உறிஞ்சிவிடும், உயர் ஒலிகள் முதலில் சாகும். ஒன்றரை லட்ச ரூபாய் பேஸை அப்படிச் செருகினாலும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல்தான் கேட்கும். இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள். கேட்கும்போது ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். மேஜை மேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. அதைக் கேட்டுவிட்டுப் பிக்கப்பைக் குறை சொன்னால் பாவம்.

ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் தாமதம் வந்த காலம் ஒன்று உண்டு. 2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானின் நோபியோகா நகரில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. ஒலியை எண்களாகவும் எண்களை ஒலியாகவும் மாற்றும் சிப்களை உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த இடங்களில் அது முக்கியமானது. பல ஆடியோ கம்பெனிகள் சரக்கில்லாமல் தவித்தன. சில கம்பெனிகள் வேறு சிப்புக்கு ஏற்றபடி போர்டையே மறுபடி டிசைன் செய்தன. அந்த மாற்றுச் சிப் போட்டவை மோசமா என்றால், என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அச்சு அசலாக அதே சிப்தான் வேண்டும் என்று அடம் பிடித்தவர்கள் காத்திருந்தார்கள்.

ஈக்வலைசர் சாஃப்ட்வேரே போதுமே, பிக்கப் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கும் வாசகர்களும் இருப்பீர்கள். பாதி உண்மை. இலவச ஈக்வலைசரை வைத்து ஒரு வாரம் முயன்று பாருங்கள், புதுக் கம்பி மாட்டிப் பாருங்கள், பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சுற்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். இவற்றில் திருப்தி வந்துவிட்டால் பணம் மிச்சம். பிக்கப் எடுக்கவே எடுக்காத ஒலியை மட்டும் எந்தச் சாஃப்ட்வேராலும் உண்டாக்க முடியாது.

நாங்கள் கடைசியில் மாற்றினோம். இரவல் பேஸின் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, 8,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி ஜாஸ் பிக்கப் வாங்கினோம். சால்டரிங் அயர்ன் வீட்டில் இருந்தது. மொத்தம் நாலு ஒயர், ஒரு மணி நேர வேலை. முதலில் பழைய இணைப்பை மொபைலில் படம் எடுத்துக்கொண்டதுதான் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஜோடியாக வாங்காமல் வேறு வேறு கம்பெனிப் பிக்கப் போட்டால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி வற்றிப்போவது போல் கேட்கலாம். ஒன்றின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் சரியாகும். ஆனால் அந்தப் பிக்கப்பின் உலோக மூடி ஒரு ஒயரோடு இணைந்திருந்தால் மாற்றாதீர்கள், இரைச்சல் கூடிவிடும்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பதினான்காம் மாதம் கடையிலிருந்து போன் வந்தது. வாத்தியம் வந்துவிட்டது, மீதிப் பணத்துடன் வரவும் என்றார்கள். போனோம். அழகாகத்தான் இருந்தது. அறிவிப்பில் ரோஸ்வுட் என்று இருந்த ஃபிங்கர்போர்டு வேறு மரமாக இருந்தது. இடையில் விலையும் ஏறியிருந்தது. கடைக்காரர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். "விவரங்களும் விலையும் முன்னறிவிப்பின்றி மாறலாம்" என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. சாஃப்ட்வேர் லைசன்ஸ் ஒப்பந்தத்தைப் படிக்காமல் "நெக்ஸ்ட்" அழுத்துபவர்களைக் கேலி செய்யும் நான், அந்த ரசீதின் பின்பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். கடையில் தொங்காத, இன்னும் செய்து முடிக்காத பேஸ் கிட்டாருக்கு முழுப் பணமோ பெரிய அட்வான்ஸோ கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் எந்தத் தேதிக்குள் வராவிட்டால் பணம் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கிருந்து வந்துவிடுங்கள். புதியது கைக்கு வரும்வரை பழையதை விற்கவே விற்காதீர்கள். புது கம்ப்யூட்டர் வரும் முன் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடுவோமா? தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மரம் மாறுகிறது, தேதி தள்ளுகிறது என்பது குற்றமில்லை. அது தெரிந்த அன்றே, பணம் கட்டியவருக்கு ஒரு ஈமெயில் அனுப்பாமல் இருப்பதுதான் குற்றம்.

தம்பி அந்தப் பேஸை வாங்கவில்லை. பதினைந்து நிமிடம் வாசித்துப் பார்த்தான். நன்றாக இருந்தது, அதை அவன் மறைக்கவில்லை. "நல்லாத்தான்ணா இருக்கு. ஆனா ஒரு சீசன் போயிடுச்சே" என்றான். அட்வான்ஸில் ஐந்து சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். அவன் விற்ற பழைய பேஸை வாங்கியவரிடம் போய்க் கேட்டோம், அவர் தருவதாக இல்லை. இரவல் பேஸின் சொந்தக்காரர் பெரிய மனது பண்ணி, அதையே குறைந்த விலைக்கு அவனுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். எப்போதாவது விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம்தான் கேட்க வேண்டும், பழைய பிக்கப்பையும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்றார். அந்தப் பிக்கப் ஜோடியும் ஸ்க்ரூக்களும் ஒரு பிளாஸ்டிக் கவரில், தேதி எழுதி, என் பழைய கிராபிக்ஸ் கார்டு பெட்டிக்குள் இருக்கின்றன.